இரண்டாம் வாய்

மாங்குளத்தில், ஒலுமடு றோட்டுப் பக்கம்
என் உதிரிப்பாகக் கடை.
லாண்ட்மாஸ்டர் பெல்ட், பேரிங், சைலன்சர்.
மூன்று வருடத்துக்கு முந்தி
சீனாவிலிருந்து வந்த பெட்டியொன்றில்
பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே
ஐந்து தேயிலை வட்டுகள் கிடந்தன,
ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.
விலைச்சிட்டையில் அவை இல்லை.
கேட்டதற்கு ஏஜெண்ட் எழுதினான்:
அன்பளிப்பு. பூஎர். பச்சை. இளசு.
வைத்துக் குடி.

வைத்துக் குடிக்கிற பழக்கம் எங்களுக்கு ஏது?
அன்று பின்னேரமே உடைத்தோம்,
நானும் மெக்கானிக் அருந்தவமும்,
தட்டை ஸ்க்ரூட்ரைவரால்.
உறையிலிருந்த எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை;
மார்க்கரால் இலக்கம் போட்டேன்.
பில் புத்தகத்தின் கடைசித் தாளில்
அவன் சொல்லச் சொல்ல எழுதியது
இன்றைக்கும் இருக்கிறது:

ஒண்டு: சைலன்சர்.
ரெண்டு: வைக்கோல். நல்ல வைக்கோல்.
மூண்டு: வேப்பங்கொழுந்துக்கு மச்சான் முறை.
நாலு: ஒண்டுமில்லை. சுடுதண்ணி.
அஞ்சு: இதைச் சனத்துக்குக் குடுக்காதை.

ஐந்தை நாங்களே ஒரு மாதத்தில் முடித்தோம்.
மிச்சம் நாலும்
கிறீஸ் வாளிகளுக்கு எட்டாத மேல்தட்டில்
விதைநெல் பையொன்றுக்குள் இருந்தபடி
தகரக் கூரை வெயிலையும்
மூன்று மாரியையும்
டீசலுக்கு நின்ற வரிசையையும் கடந்தன.

இடையில் அருந்தவத்துக்கு ஒரு காய்ச்சல்.
காய்ச்சல் போனது, மணம் திரும்பவில்லை.
பெற்றோலா மண்ணெண்ணெயா என்று
துணியை இப்போது என்னிடம்தான் நீட்டுகிறான்.
அதனால் கூப்பிட யோசித்தேன்.
அவனே கேட்டான்:
அந்த சைலன்சர் இன்னும் கிடக்கோ?

இந்தமுறை கிணற்றுத் தண்ணி இல்லை.
கேத்தல் அடியில் சுண்ணாம்பு கட்டுகிற தண்ணி அது.
அன்றைக்குக் குடித்ததில் பாதி
எங்கள் கிணறுதானோ என்று இப்போது சந்தேகம்.
வடிகட்டின தண்ணி ஒரு கலன் வாங்கினேன்.

ஒன்று.
புகை இருந்தது. ஆனால் சைலன்சர் இல்லை,
சுட்ட சேனையில் முதல் மழை விழுந்த மறுநாள்.
அவனுக்குப் புகையே இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
நாக்கு ரெண்டு கரையிலும் இழுக்குது.
பாலைப்பழம் கூடத் திண்டால் உதடு ஒட்டுமே,
அப்பிடி. எழுது.

இரண்டு சரிந்துவிட்டது.
வைக்கோலும் போய்ப் பழைய கடதாசி.
அதில் மட்டும் எங்களுக்குச் சண்டை இல்லை.

மூன்று.
கசப்பு, அதே கசப்பு,
கடன் கேட்டு வந்தவன்போல
வாசலை விட்டு அசையாமல்.
கோப்பையைக் கீழே வைத்தேன்.
பொறு, என்றான். பச்சைத்தண்ணி ஒரு முடறு குடி.
குடித்தேன்.
நெல்லிக்காய் தின்ற வாய்.
நான் மறந்தேபோன மிச்சக்காசை
யாரோ திருப்பித் தர வந்ததுபோல்
அடித்தொண்டையிலிருந்து இனிப்பு.

அன்றைக்கும் இது வந்திருக்கும்.
அதற்குள் நாங்கள் நாலுக்குத் தாவியிருந்தோம்.
இல்லை, வந்திருக்காது,
மூன்று மாரி வேண்டியிருந்தது என்கிறான் அவன்.
மாறியது தேயிலையா, தண்ணியா,
அவன் மூக்கா, என் அவசரமா?
கடைக்காரிக்குக் கணக்கு நேர் வரவேண்டும்.
இது வரவில்லை.

நாலை ஊற்றும்போது
கரிப்பட்டமுறிப்புப் பொடியன் ஒருவன்
பெல்ட் கேட்டு வந்து நின்றான்.
அளவு தேடும்வரைக்கும் குடிக்கட்டும் என்று
ஒரு கோப்பை நீட்டினேன்.
சீனி போடேல்லையோ அக்கா?
இல்லை.
இன்னொரு முடறு குடித்தான்.
றோட்டைப் பார்த்தான்.
மோட்டார் சைக்கிளை உதைத்துப் போய்விட்டான்.
காசு மேசையில்,
பெல்ட் அதற்குப் பக்கத்தில்.

சுடுதண்ணி என்பதை வெட்டிவிட்டு
அருந்தவம் சொல்ல எழுதினேன்:
நாலு: பெல்டை மறந்தான்.