கையைத் தூக்குங்கள்

"வலித்தால் கையைத் தூக்குங்கள்" என்றார்.
தூக்கினேன்.

க்ளைபேடாவில் அன்று பனி மழையாகிக்கொண்டிருந்தது.
மரத்துப்போகும் ஊசி உதட்டுக்குக் கேட்டது,
பல்லுக்குக் கேட்கவில்லை.
"இதோ, முடிந்துவிட்டது, இதோ" என்று
நாற்பது நிமிடம் முடிந்துகொண்டே இருந்தது.
உதவிக்கு நின்றவள் என் மணிக்கட்டைப் பிடித்து
திரும்ப மடியில் வைத்தாள்,
கீழே விழுந்த கரண்டியை எடுத்து வைப்பதுபோல.

நான் படகுத்துறையில் வேலை பார்ப்பவள்.
காயலைத் தாண்டி மணல்திட்டுக்கு
கார்களை ஏற்றிப் போகும் படகு.
நான் கையைத் தூக்கினால்
மரம் ஏற்றிய லாரி நிற்கும்.
சவ ஊர்தி நிற்கும்.
ஒருமுறை ராணுவ வண்டியே நின்றது.

ஈறு பதினோரு நாளில் ஆறிவிட்டது.
தையல் தானே கரைந்தது.
படம் எடுத்துப் பார்த்து, சுத்தம் என்று எழுதித் தந்தார்கள்.
கைதான் ஆறவில்லை.
துறையில் தூக்கும்போதெல்லாம்
நிற்பார்களா என்று ஒரு சந்தேகம்.
விசில் வாங்கிக்கொண்டேன்.
"எதற்கு இந்தக் குருவிச் சத்தம்?"
விகின்டாஸ் சிரித்தான்.
நானும் சிரித்தேன், வாயைத் திறக்காமல்.

காபிக்கடையில் இயந்திரம் அரைக்கத் தொடங்கினால்
காசை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.
"பல் பிடுங்கியதற்கா இவ்வளவு?" என்றாள் அக்கா,
இரண்டு முறை வயிற்றைக் கிழித்துப் பெற்றவள்.
ஆமாம். பல் பிடுங்கியதற்குத்தான்.

மார்ச்சில் முடி வெட்டப் போனேன்.
கெனூடே என் கழுத்தைத் தொட்டி விளிம்பில் வைத்து
நாற்காலியைச் சாய்த்தாள்.
மேலே வட்ட விளக்கு.
அவ்வளவுதான்.
கை எழுந்தது. நான் தூக்கவில்லை, சத்தியமாக.

தண்ணீர் நின்றது.

என்ன என்றுகூட அவள் கேட்கவில்லை.
குழாயை மூடிவிட்டு
நுரைக் கைகளோடு அப்படியே நின்றாள்.
வானொலியில் யாரோ
மேற்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இறக்கினேன். தண்ணீர் வந்தது.
தூக்கினேன். நின்றது.
மறுபடி தூக்கினேன், இப்போது வேண்டுமென்றே.
நின்றது.
ஏழு முறையாவது இருக்கும்.
முறைக்குக் காத்திருந்த பெரியவர்
படித்த செய்தித்தாளையே திரும்ப விரித்தார்.
"தூக்கு" என்றாள் கெனூடே,
"மூடியிருக்கும்போது மீட்டர் ஓடாது."
தலை சாய்ந்திருந்ததால்
கண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது.
அங்கே ஏற்கெனவே ஈரம்.

குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
இன்னும் இடப் பக்கமாகத்தான் மெல்லுகிறேன்.
வேறொரு மருத்துவரின் எண்
குளிர்பெட்டியில் காந்தத்துக்கு அடியில் இருக்கிறது.
அதன்மேல் மின்கட்டண ரசீது.

நேற்று கடைசிப் படகு, மூடுபனி.
விசில் வீட்டிலேயே கிடந்தது.
மஞ்சளாக இரண்டு விளக்குகள்
என்னை நோக்கி இறங்கி வந்தன.
தூக்கினேன்.

ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி,
"இடம் இல்லையா?" என்று கேட்டார்.
இருக்கிறது, வாருங்கள் என்றேன்.
நிறைய இருக்கிறது.