வேறொரு தலைப்பு

நவம்பர். தாம்பெரெ நகரம். மாலை மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
நான்காம் மாடியில் லாக்கா அறை.
சதுப்பில் விளையும் மஞ்சள் பழம் ஒன்றின் பெயர் அது.
எங்கள் அறைகள் எல்லாவற்றுக்கும் பழப் பெயர்தான்.
பழம் இருக்காது.
காப்பி இருந்தது, ஆறிப்போய்.

ஒன்பது மேலாளர்கள், நூற்று நாற்பது பெயர்கள்,
சுவரில் மணியைக் கவிழ்த்தாற்போல் ஒரு கோடு.
அதன் வலது ஓரம் தேய்ந்து தேய்ந்து
ஒருவர் மட்டும் ஒட்டி நிற்கலாம் என்கிற இடத்தில்
'ஐந்து' என்று எழுதியிருந்தது.

நான் ஐலா ரந்தனெனைச் சொன்னேன்.

காகித இயந்திரத்தின் உருளை
உடைவதற்கு ஆறு வாரம் முன்பே
அதன் நடுக்கம் சரியில்லை என்று சொல்பவள்.
அவள் எழுதிய சிறு நிரல்
பதினோரு ஆலைகளில் ஓடுகிறது.
எழுதியது அவள் என்று
இரண்டு ஆலைகளுக்குத் தெரியும்.

"ஆதாரம்?" என்றாள் பிர்யோ.
(மனிதவளம். நல்லவள். அவள் காரில்தான் நான் வீடு போவேன்.)
உடையாத உருளையை
எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுப்பது?
அவள் ஆறு பேருக்குச் சமம் என்றேன்.
வெய்க்கோ சிரித்தான்:
"அப்படியானால் என்னிடம் இருக்கும் ஆறு பேருக்கு
நான் என்ன பதில் சொல்வது?"

விஷயம் அங்கேதான் கிடந்தது, மேசை நடுவில்.
யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.
நானும்.

அவளை ஆறு என்று எண்ணினால்
மற்றவர்களையும் எண்ண வேண்டிவரும்,
என்னில் ஆரம்பித்து.
எண்ணாமல் இருக்கத்தானே
இத்தனை சம்பளப் படிகளைக் கட்டிவைத்தோம்.
எட்டாம் படி என்றால் எட்டாம் படி.
அதில் நின்றுகொண்டு எவ்வளவு உயரமும் வளரலாம்,
தலை இடிக்கும் வரை.

கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்கள்.
கடலுக்கு மணம் பிடிக்காது என்றில்லை.
மூக்கு இல்லை.

கிடைத்தது நான்கு.
இரண்டு புள்ளி ஒன்று சதவீதம்.
மாதம் எண்பத்தாறு யூரோ, வரி பிடிக்கும் முன்.

ஐந்து யாருக்கென்றால்,
கொத்கா ஆலையில் உருளை வெடித்த இரவு
ஹெலிகாப்டரில் போய் இறங்கியவனுக்கு.
அந்த உருளையைப் பற்றி ஐலா
ஆகஸ்டிலேயே மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள்.
எனக்கு.

பதவி உயர்வு இரண்டு முறை கேட்டாள்.
"அந்த இடத்துக்கு உன்னை விட்டால் யார்?" என்றேன்.
அதைப் பாராட்டு என்று நினைத்தேன், சத்தியமாய்.

பிப்ரவரியில் விலகல் கடிதம். அரைப் பக்கம்.
அவளை நிறுத்திவைக்கப் பணம் கேட்டேன்.
அந்தத் தலைப்பில் இல்லை என்றார்கள்.
அவள் இடத்துக்கு ஆள் எடுக்கப் பணம் கேட்டேன்.
தாராளமாக, எத்தனை பேர் என்றார்கள்.
மூன்று பேர்.
மூவருக்கும் அவளைவிடக் கூடுதல்.
அது சந்தை விலை.
சந்தைக்கே போகாமல்
இருபத்திரண்டு வருடம் எங்களோடு இருந்தவளுக்கு
வீட்டு விலை.

ஜூனில் மூவரும் அவள் விட்டுப்போன வரைபடத்தைச் சுற்றி நின்றார்கள்.
தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்கள்.

இப்போது வியாழக்கிழமைகளில் ஐலா வருகிறாள்.
ஓராள் நிறுவனம் ஒன்று வைத்திருக்கிறாள்.
வாசலில் கையொப்பமிட்டு
'விருந்தினர்' அட்டையைச் சட்டையில் மாட்டிக்கொள்கிறாள்.
மணிக்கு நூற்று எழுபது யூரோ.
அது வெளிச்சேவைத் தலைப்பில் போகும் செலவு.
அந்தத் தலைப்புக்குக் கூரை கிடையாது.
மாதாமாதம் நான்தான் கையெழுத்திடுகிறேன்.
பேனா ஒருமுறைகூடத் தயங்கியதில்லை.

போன வியாழன் லிஃப்டில் நாங்கள் இருவர்தான்.
பனி உருகி அவள் காலணியைச் சுற்றித் தேங்கியது.
"அந்த ஆகஸ்ட் மின்னஞ்சல்," என்றாள்,
கோபமெல்லாம் இல்லை,
உருளையைப் பற்றிக் கேட்கிற அதே குரல்,
"படித்தாயா?"

நான்காம் மாடி என்றது லிஃப்ட்.
இறங்கிவிட்டேன்.