காரணம்: வெள்ளி

கையை நீட்டிப் பிடித்தால் எவ்வளவு பெரிது?
குண்டூசித் தலை, பட்டாணி, ஐந்து சென்ட் நாணயம், ஆரஞ்சு.
ஒன்றில் வட்டமிடவும்.
படிவத்தின் பதினோராம் கேள்வி அது.
நான்கு வருடம் நெவாடா முழுக்க
அந்தப் படிவத்தோடு அலைந்தேன்,
விமானப்படை ஜீப்பில், தொண்டையில் உப்புத் தூசியோடு.

எல்கோவில் பல் மருத்துவர் பார்த்த பதினேழு தட்டுகள்
வாத்துகள். தெருவிளக்கு அவற்றின் வயிற்றில் பட்டிருந்தது.
வின்னமக்காவில் தேவாலயத்துக்கு மேலே நின்று எரிந்தது
சலவைக்கடைப் பை; உள்ளே ஆறு பிறந்தநாள் மெழுகுவர்த்தி.
செய்த பையன்கள் இருவரும்
தங்கள் பூட்ஸைப் பார்த்தபடியே ஒப்புக்கொண்டார்கள்.
ஒரு விமானி, போரில் இரண்டு பதக்கம் வாங்கியவர்,
இருபது நிமிடம் வெள்ளியைத் துரத்தியிருக்கிறார்.
எரிபொருள் தீர்ந்தது. வெள்ளி நின்ற இடத்திலேயே நின்றது.
அதை அவரிடம் சொல்ல
மூன்றாவது காபி வரை எனக்கு வாய் வரவில்லை.

பிடித்த வேலைதான்.
பயந்தவர் வீட்டுக்குப் போய்
பயத்தைப் பெயர்ச்சொல்லாக்கிவிட்டு வருவது.

பெயோ இரிபாரென் பயப்படவில்லை.
பாஸ்க் நாட்டவர். ரூபி மலையில் ஆயிரத்து நானூறு ஆடு, இரண்டு நாய்.
மாவு மூட்டை கொண்டுவருகிறவன் யாரிடமோ சொல்ல
அது என் மேசைக்கு வந்தது.
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பட்டாணி இல்லை. பட்டாணியில் பாதி. நீளம்.
சூரியன் இறங்கிவிட்டது. பள்ளத்தாக்கு இருட்டு, மலை இருட்டு,
என் தொப்பி விளிம்பு இருட்டு.
அதன்மேல் மட்டும் இன்னும் வெயில்."

சத்தம்?

"ஆடு அசைபோடுகிற சத்தம்."

அன்றிரவே தொலைபேசி.
பேசியவர் பதவியைச் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை.
இரிபாரென் கோப்பை இந்த வாரமே முடி.
என்னவென்று முடிக்க, சார்?
வழக்கமானது எதுவோ, அது.

அவ்வளவு உயரத்தில் ஏதோ பறக்கிறது,
அது நம்முடையது,
எனக்குத் தெரியக் கூடாதது என்று
அப்போதுதான் தெரிந்தது.

தட்டச்சு செய்தேன்.
கிழமை: வெள்ளி.
நிறம்: வெள்ளி, ஓரத்தில் சிவப்பு.
காரணம்: வெள்ளி.

நேரில் போய்ச் சொல்வது விதி. போனேன்.
சட்டியில் அவரையைக் கிளறியபடி கேட்டுக்கொண்டார்.
"வெள்ளி இந்த மாதம் விடிகாலையில், லெப்டினன்ட்.
அது எழும்போதுதான் நான் காலுறை மாட்டுகிறேன்."
கோபம் இல்லை.
உங்கள் நாடா அவிழ்ந்திருக்கிறது என்பதுபோல் சொன்னார்.
நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

கிளம்பும்போது ஆஸ்பென் மரங்கள், மஞ்சள்.
பட்டைகளில் அவர் கத்தியால் கீறியவை:
ஒரு பெண், ஒரு கப்பல், ஊர்ப் பெயர்.
புதிதாக ஒன்று, நீண்ட ஒல்லிச் சிறகு,
அடியில் செப்டம்பர் 14, 1956.
மயிரிழைக் கீறல்தான்.
ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும்,
மரம் பருக்கப் பருக்க அது கறுத்துத் தடிக்கும்.

என் அறிக்கை மூன்று நகல், ஏதோ ஒரு பெட்டியில்.
கார்பன் தாளில் அடித்த மூன்றாவது
அன்றைக்கே சரியாகத் தெரியவில்லை.