முழங்கால் மட்டும்

கண்டக்டர் மணவாளக்குறிச்சி என்றபோது
பெயருக்குள் ஒரு கல்யாணம் கேட்டது.
இறங்கினால் மதில். மதில்மேல் கம்பி.
உள்ளே மணலைப் பிரிக்கும் இயந்திரத்தின்
ஓயாத பல்கடி.

நான் மாரிக்குப்பத்துக்காரி.
தங்கம் தீர்ந்த ஊரில் பிறந்தவளுக்கு
இப்படி ஒரு மதிலைப் பார்த்ததும்
உள்ளே எத்தனை ஷிப்டு என்றுதான் தோன்றும்.
மூன்று என்று நானே முடிவு செய்தேன்.

வந்தது வேலைக்கு இல்லை, முழங்காலுக்கு.
மாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர்,
இரண்டு லட்சத்து நாற்பது, ஒரு காலுக்கு.
ரயிலில் எதிர் பெர்த்து பிலோமின் ராணி சொன்னாள்:
"கருமணல்ல பொதச்சு வச்சுப் பாருங்க,
நட்டுச்சைக்கு. காசா பணமா?"
பாதி நம்பினேன்.
திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை.

"சின்னவிளையா, பெரியவிளையா?"
ஆட்டோக்காரர் ததேயு கேட்டார்.
எது சூடு என்றேன்.
"ரெண்டும் பொள்ளும்."

தென்னை முடிந்த இடத்தில் நிறம் மாறியது.
யாரோ கரையை அடுப்பில் வைத்து
மறந்துபோனதுபோல் கறுப்பு,
அதன் ஓரத்தில் மாதுளை உடைத்த சிவப்பு.
பாலைவனம் என்றால் எனக்குக் காலண்டர் ஒட்டகம்.
இதுவோ எதிரே இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு
ஒரு புல்லுக்கும் தராத இடம்.

முன்பே ஒருத்தி இடுப்புவரை புதைந்திருந்தாள்,
முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு,
போனில் சீட்டுத் தவணை பேசியபடி.
"புதுசா குழி தோண்ட வேண்டாம், இதுல இரிங்க."
காலையில் யாரோ விட்டுப்போன பள்ளம்.
போனைத் தோளில் இடுக்கி
என் கால்களை அவளே மூடினாள்,
மாவு மூட்டையின் வாயைக் கட்டுகிற கவனத்தோடு.

முதலில் வந்தது சூடு அல்ல, கனம்.
இந்த மணல் கனம்.
பிறகு எலும்பைத் தேடிக்கொண்டு சூடு வந்தது,
வீடு தெரியாத தபால்காரர்போல
ஒவ்வொரு கதவாகத் தட்டி.

ஒன்பதாயிரம் அடியில் பாறை வேர்க்கும் என்பார் அப்பா.
சுவரில் கசிகிற வெந்நீரில்
துண்டை நனைத்து முதுகில் போட்டுக்கொள்வார்களாம்.
வீட்டில் அவர் பச்சைத்தண்ணீர்தான், டிசம்பரிலும்.
நான் வெந்நீர் கேட்டால்
ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விடுவார்.

கல்லூரி அட்டை தொங்க ஒரு பையன் வந்தான்,
கையில் டிக் டிக் என்கிற பெட்டி.
என் காலருகே குனிந்தபோது பெட்டி அவசரப்பட்டது.
சீட்டுக்காரி போனைப் பொத்தினாள்.
"எவ்வளவு மக்கா?"
ஒரு எண் சொன்னான்.
"போன வாட்டி வந்தவன் இதவிடக் கூடச் சொன்னான்."
அர்த்தம் சாருக்குத்தான் தெரியும்,
நான் அளக்க மட்டும், என்றான் பையன்.

மூன்று பிள்ளைகள், ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன்,
தங்கைக்குக் கழுத்தில் கட்டி.
நான் கேட்காமலே சொன்னாள்.
எதையும் எதோடும் முடிச்சுப் போடவில்லை.
பயமில்லையா?
"கடலுக்குப் போறவன் வீட்டுல
மணலுக்கு எப்பப் பயப்பட?"

எழுந்து இரண்டடி நடந்தேன்.
வலி இருந்தது.
இடம் மாறி உட்கார்ந்திருந்தது,
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த ஆளைப்போல.

ராத்திரி வடசேரி லாட்ஜ்.
குளியலறையில் சேலை விளிம்பை உதற
மக்கில் ஒரு சிட்டிகை மணல்.
தண்ணீர் விட்டுச் சுழற்றினேன்.
கை தானாகச் சுழற்றியது;
சயனைடு மேட்டடியில் நாங்கள்
சோடாமூடியில்கூடச் சுழற்றிப் பார்த்தவர்கள்.
வெள்ளை முதலில் போனது. பிறகு சிவப்பு.
கறுப்பு மட்டும் அடியில்
பிறையாக ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது.

கொட்டவில்லை.
வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை
என்று கதவில் எழுதியிருந்தது.
மக்கை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.
படுக்கும்போது, கால் எந்தப் பக்கம் என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.