பெறப்பட்ட இடம்

ஜம்பட்டா வீதியில்
கொத்துக் கடைக்குப் பின்னால் ஒரு கான்.
இரவு பதினொன்றரைக்குத் தகடுகளின் தாளம் ஓயும்.
கல்லில் மிஞ்சிய கொழுப்பு
வெந்நீரோடு சரிந்து இறங்கி
விடிவதற்குள் வெள்ளையாய் உறைந்திருக்கும்.
அதன் அடியில்
யாரோ உண்டுகொண்டிருந்தார்கள்.

வாயில்லை, வயிறில்லை.
சமையல் வெளியே, சாப்பாடு மட்டும் உள்ளே.
உடம்புக்கு வெளியே போய்
கொழுப்பை அறுத்து, அரிந்து, கரைத்துக் கொடுக்கும்
அந்தச் சமையற்காரருக்கு
எங்கள் பாடத்தில் நொதியம் என்று பெயர்.

கலங்கிய பால்நிற அகாரில் பொட்டுப் பொட்டாக வைத்தேன்.
இரண்டாம் நாள்
எல்லாப் பொட்டுகளும் சும்மா இருந்தன.
பதினேழாவதைச் சுற்றி மட்டும்
கண்ணாடிபோல் தெளிந்த ஒரு வட்டம்,
நிலவு கோட்டை கட்டினாற்போல.
எட்டக் கோட்டை கிட்ட மழை என்பார்கள்.
நான் அடிமட்டம் வைத்து அளந்தேன்:
ஒன்பது மில்லிமீற்றர்.
அன்று மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன்.

பிறகு மின்வெட்டுக் காலம்.
டீசல் வரிசைக்குப் போன எங்கள் சாரதி
மறுநாள்தான் வந்தார், வெறும் கானோடு.
உறைபெட்டி நாலு தரம் உருகி
நாலு தரம் உறைந்தது.
ஐந்தாம் முறை பூசிய தட்டில்
ஒன்றும் முளைக்கவில்லை.
வெறும் பால்நிறம்.
வானம் இருந்தது, நிலவு இல்லை.

திரும்பிப் போனேன்.
கடை இருந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள்.
கானுக்கு மேல் புதுக் கொங்கிரீட்,
ஈரம் காயுமுன் நடந்த நாயின் நாலு தடம்.

மாநகர சபைச் சட்டையோடு
வண்டிலில் சாய்ந்து நின்றாள் பெர்னதேத்.
நான் தேடியதைச் சொன்னதும் சிரித்தாள்.
"கான மூடினா என்ன மிஸ்,
சேறு இதில இருக்குதானே."
மண்வெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.
இரும்பும் பிடியும் சேரும் கழுத்தில்
கறுப்பாய் இறுகிக் காய்ந்த பசை.
"கழுவுறதில்லையா?"
"கழுவத் தண்ணி யார் தாறது?"

தீயில் சுட்டுச் சுத்தமாக்கிய கம்பியால்
அங்கே சுரண்டினேன்.
அவளுடைய நகக்கண்ணிலும் அதே கறுப்பு.
பார்த்தேன்.
கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வட்டம் வந்தது.
பதினொரு மில்லிமீற்றர்.
இது அந்தப் பதினேழுதானா,
அதன் தங்கையா,
வேறு ஏதோ தெருவில் இருந்து
மண்வெட்டியேறி வந்த அந்நியமா
இன்னும் தெரியாது.
பசி மட்டும் அதே பசி.

இப்போது பியகமயில் ஒரு கம்பனி கேட்கிறது:
தூளாக்கி, பொதியாக்கி,
கானுக்குள் கொட்டினால் கொழுப்பு தானாகக் கரையுமாம்.
இனி நீங்கள் உள்ளே இறங்கத் தேவையில்லை என்று
பெர்னதேத்திடம் சொன்னேன்,
நல்ல சேதி சொல்லும் குரலில்.
அவள் கையுறையைக் கழற்றி உதறினாள்.
"அப்ப என்னை எங்க போடுவாங்க?"

படிவம் மேசையில் இருக்கிறது.
'பெறப்பட்ட இடம்' என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
பென்சிலால் எழுதிப் பார்த்தேன்:
ஒரு மண்வெட்டியின் கழுத்து.
அழித்தேன்.
நகரக் கழிவுநீர், கொழும்பு 13
என்று மையால் எழுதினேன்.
அழிறப்பர்த் துகள்களை
யன்னலுக்கு வெளியே ஊதிவிட்டேன்.
கீழே மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
அதையும் யாராவது
தின்னப் பார்ப்பார்கள்.