ஆணியில் தொங்கும் நோட்டு

மன்றத்துக்கு நான் பொருளாளர்.
பொருள்: ஒரு பிஸ்கட் டப்பா,
அதற்குள் அறுபத்து மூன்று பவுண்டு,
ஒரு காசோலைப் புத்தகம்.
ஆளர் நான்.

ஷெட்லாந்தின் வடக்கே, மரமே இல்லாத தீவு.
குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
அதற்கப்புறம் விளக்கெரிகிற பொது இடம்
தகரக் கூரை போட்ட இந்தக் கட்டடம் ஒன்றுதான்.
பூப்பந்து இங்கே. கல்யாணம் இங்கே.
வாக்குப்பெட்டி வந்து இறங்குவதும் இங்கே.

சாவி வைத்துக்கொள்ள யார் என்று
ஆண்டுக் கூட்டத்தில் கேட்டால்
எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்ப்பார்கள்.
கை தூக்கியவர்கள் இரண்டே பேர்,
கிப்பியும் ஓஸ்லாவும்.

அவர்கள் பேசிக்கொள்வதில்லை.
பதினோரு வருஷம்.
கிப்பியின் செம்மறிக் கடா வேலி தாண்டிய விவகாரம்.
கடா செத்தே எட்டு வருஷம் ஆகிறது.
வேலியைக் காற்று கொண்டுபோயிற்று.
பேசாமை மட்டும் ஆடாமல் நிற்கிறது.

ஆகவே நோட்டு.
கொதிகலன் பக்கத்து ஆணியில்
மீன்வலை நூலில் கட்டித் தொங்குகிறது.
பென்சிலுக்குத் தனி நூல்.

“எண்ணெய் கால் டாங்க். கி.”
“எனக்கும் கண் இருக்கிறது. ஓ.”
“மூன்று நாற்காலிக்குக் கால் ஆடுகிறது. யாரையும் உட்கார வைக்காதே.”
“உன்னைத் தவிர.”
“ஜெரோம்சன் சாவுக்கு நூற்றுப்பத்துப் பேர். கப் தொண்ணூறு.”
“வீட்டிலிருந்து இருபது கொண்டுவந்தேன். நீலப் பூ போட்டது என்னுடையது. எண்ணி வை.”
“எண்ணினேன். பத்தொன்பது.”
“இருபது.”
அதற்குக் கீழே, வேறொரு நாள், அழுத்தமில்லாத பென்சிலில்:
“அடுப்புக்குப் பின்னால் கிடந்தது. இருபது.”

மார்ச் மாதம் கணக்கு முடிக்க
நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போவேன்.
ரசீது தேடத்தான்.
அப்படித்தான் என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரியில் கிப்பி பனியில் வழுக்கினார்.
இடுப்பெலும்பு. லெர்விக் ஆஸ்பத்திரி.
இரண்டு படகு, நடுவில் ஒரு பஸ்.
திங்களும் புதனும் ஓஸ்லா தலையில் விழுந்தன.
கேட்டதற்கு, “கதவு தானாகத் திறக்குமா?” என்றாள்.

எண்ணெய்க்குப் பணம் கட்ட வேண்டும்.
காசோலைக்கு இரண்டு கையெழுத்து;
ஒன்று படுக்கையில் கிடக்கிறது.
புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.
ஆணியில் இருந்த நோட்டையும் வைத்தேன்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு
நோட்டுக்குக் கை நீட்டினார்.
அவர் இல்லாத ஆறு வாரமும் அதில் இருந்தது.
“சுடுநீர்ப் பாத்திரம் ஒழுகுகிறது. ஓ.”
“கூரையில் ஒரு தகடு போயிற்று. ரோரியின் வயலில் கிடைத்தது. ஓ.”
“பூப்பந்துக்கு நாலே பேர். ஆனாலும் சூடு போட்டேன். ஓ.”
“மேடைக்குக் கீழே எலி. உன் நாளில்தான் வருகிறது. ஓ.”
பதிலுக்கென்று
ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வரி
காலியாக விட்டிருந்தாள்.

கிப்பி மூக்குக் கண்ணாடி கேட்டார்.
செவிலி மாத்திரையோடு வந்து, நின்று, போய்விட்டாள்.
ஒவ்வொரு வரியாக நிரப்பினார்,
பரீட்சை எழுதும் பையன் மாதிரி
கையால் மறைத்துக்கொண்டு.

கடைசிப் படகில் திரும்பி
ஆணியில் மாட்டினேன்.
ஓஸ்லா உப்புக்கறி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
“சாயங்காலம் நோட்டைக் காணோமே” என்றாள் பாத்திரத்திடம்.
கணக்குக்கு எடுத்தேன் என்றேன்.
“ஜனவரியில் என்ன கணக்கு?”

மறுநாள் பார்த்தேன்.
எலிக்குக் கிப்பி எழுதியிருந்தது:
“பாலாடைக்கட்டி வேண்டாம். சாக்லேட் வை.”
அதற்கு அவள்:
“வைத்தேன். நீ சொல்லி அல்ல.”

கூரைத் தகட்டுக்கு ஆணி வாங்கியது போக
டப்பாவில் இப்போது நாற்பத்தொன்று.
சாக்லேட்டுக்கு ரசீது இல்லை.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.