விழுந்த ரொட்டிகளின் கணக்கு

குத்தாய்சியில் காலையிலிருந்து மழை.
ரியோனி ஆறு களிமண் நிறத்தில் ஓடுகிறது.
ஜும்பேர் நாற்காலியில் உட்கார்ந்து
கண்ணை மூடிக்கொள்கிறார்.
அடுப்பு மூட்டியாயிற்றா, கேட்கிறேன்.
ஆயிற்று, என்கிறார்.
என் அறையில் இருப்பதெல்லாம்
ஒரு மின்சார ஹீட்டர், ஒரு கட்டில்,
கழுத்தெலும்புகளின் படம்.

முப்பத்தொரு வருடம்
பானை வயிறு கொண்ட தோனே அடுப்புக்குள்
இடுப்புவரை கவிழ்ந்து
சுடுசுவரில் மாவை அறைந்தவர்.
மார்ச்சிலிருந்து
கழுத்தில் கிளம்பும் மின்னல் ஒன்று
பெருவிரலில் போய் இறங்குகிறது.
கை என்னுடையதுதான்,
சொல்பேச்சுதான் கேட்பதில்லை
என்றார் முதல் நாள்.

அசைக்க வேண்டாம். நினைத்தால் போதும்.
மாவை எடுங்கள். நீட்டுங்கள். குனியுங்கள்.
இப்போது அறையுங்கள்.

அந்த வாரம் நினைப்பே வலித்தது.
நெற்றி வியர்த்துச் சொன்னார்:
விழுந்துவிட்டது, தணலில்.
எத்தனை?
பதினொன்று.
எழுதிக்கொண்டேன்.
மனசுக்குள் சுடும் ரொட்டியும் கருகும் என்று
எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

அடுப்பை விட்டோம்.
பலகையில் மாவு, அதன்மேல் உள்ளங்கை,
அவ்வளவுதான்.
குளிர்கிறதா?
குளிர்கிறது.

அதற்குப் பிறகுதான் நரம்பு.
கையைப் பக்கவாட்டில் நீட்டி
மணிக்கட்டைப் பின்னுக்கு வளைக்கும்போது
தலை அந்தக் கைப்பக்கமே சாய வேண்டும்.
மணிக்கட்டு தளர்ந்தால் தலை மறுபக்கம்.
கால்சட்டை நாடா தெரியுமில்லையா,
ஒரு முனையை இழுத்தால்
மறு முனையை உள்ளே போக விடவேண்டும்.
இரண்டையும் பிடித்து இழுத்தால்
சுருக்குத்தான் விழும்.

பத்து முறை. வலி வரும் இடத்துக்கு
ஒரு விரல்கடை முன்பே நின்றுவிட வேண்டும்.
அவர் பதினைந்து செய்வார். திட்டுவேன்.
நினைத்துச் சுட்ட ரொட்டியை
யார் காசு கொடுத்து வாங்குவார், என்பார்.

இது ஆறாவது வாரம்.
மறுபடி அடுப்பு. நினைப்பில் நாற்பது ரொட்டி.
கண்ணைத் திறந்து
ஒன்றுகூட விழவில்லை என்கிறார்.

நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.
வலது தோள் மூன்று தரம்
காதை நோக்கி ஏறி இறங்கியது.
மூன்று, என்று எழுதுகிறேன்.
எட்டிப் பார்க்கிறார்.

அந்த மூன்றும் ரேஸோ பிசைந்த மாவு, என்கிறார்.
என் அக்காள் மகன்.
தண்ணீர் அதிகம் விட்டுவிடுவான்.

கோட்டுப் பொத்தான்களை
வலது கையாலேயே போட்டுக்கொண்டு
கடைசிப் பொத்தானை மட்டும் அப்படியே விட்டு
மழைக்குள் இறங்கிப் போகிறார்.